கை வைத்தேன், நின்றது

அத்தியாயம் 9

"கொசு, ஏணியைப் பிடி. பராக்குப் பார்க்காதே," என்றார் மேடம்.

பிடித்தேன். ஐம்பத்திரண்டு வயதில் ஏணியேறும் துப்பறிவாளரிடம் ஒன்பது வருஷமாக உதவியாளனாக இருப்பவனுக்கு இதுவும் உத்தியோகத்தில் அடக்கம். கொசு என்பது அவர் வைத்த பெயர். காதோரம் ஓயாமல் சத்தம் போடுகிறேனாம். நாற்பத்திரண்டு வயது ஆண்பிள்ளைக்கு இது மரியாதையான பெயர் இல்லை என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "அதனாலதான் வச்சேன்," என்றார்.

நாங்கள் நின்றது ஒரு மாடி வீட்டின் பால்கனி. இரண்டு நாளைக்கு முன்னால், வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு, அந்த வீட்டுப் பெரியவர் இதே இடத்தில் செத்துப்போனார். ஓய்வு பெற்ற சிறை அதிகாரி. தெருவுக்கு அவர் வார்டன். பால்கனிக்கு மோட்டாரில் இறங்கும் வெயில்திரை ஒன்று போட்டிருந்தார். மேலே நீளமான பெட்டி, அதற்குள் சுருட்டி வைத்த கித்தான், கித்தானின் கீழ் விளிம்பில் கனத்த இரும்புத் தண்டு. பட்டனை அழுத்தினால் தண்டு இரண்டு பக்கத் தடங்களிலும் வழுக்கி இறங்கி, இடுப்பளவு கைப்பிடிச் சுவரின் மேல் வந்து உட்காரும். வியாழக்கிழமை அது உட்கார வந்தபோது சுவருக்கும் தண்டுக்கும் நடுவில் வார்டனின் கழுத்து இருந்தது.

அவர் போனதற்குத் தெருவில் யாரும் அழவில்லை. மறுநாள் பிள்ளைகள் இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பந்து விளையாடினார்கள். அவ்வளவுதான் துக்கம்.

போலீஸ் சந்தேகப்பட்டது மருமகளை. வீட்டில் இருந்தது அவள் ஒருத்திதான். மாமனாரின் கழுத்தில் தண்டு இருக்கும்போது மெயின் ஸ்விட்சை அணைத்ததும் அவள்தான். சனிக்கிழமை ஆறு மணிக்கு ஜீப்போடு வருகிறேன், துணிமணி எடுத்து வைத்துக்கொள்ளட்டும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். எங்களைக் கூப்பிட்டது அவளுடைய கணவர், வார்டனின் ஒரே மகன். நூலகர். "என் மனைவியை எப்படியாவது காப்பாத்துங்க மேடம்," என்று எங்கள் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். நான் தண்ணீர் கொடுத்தேன்.

இப்போது சனிக்கிழமை, மணி நாலேகால்.

ஏணியில் ஏறுவதற்கு முன்னால் மேடம் இரண்டு காரியம் செய்திருந்தார். மெயினை அணைத்தார். பிறகு வார்டன் கழுத்தில் தாலி மாதிரி கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த ரிமோட்டை எடுத்து, முதுகைத் திறந்து, இரண்டு பேட்டரியையும் என் சட்டைப் பையில் போட்டார். பால்கனியில் வேறு யாரும் இல்லை.

"நான் என்ன டார்ச் லைட்டா மேடம்?"

"ஆள் ஏணியில நிக்கும்போது ரிமோட்ல உயிர் இருக்கக் கூடாது. பத்திரமா வச்சுக்கோ. கேட்டாத்தான் குடுக்கணும்."

பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்ன மூடி, அதன் மேல் ஒரு திருகு. திருகின் தலையில் ஒரு சிவப்புப் பொட்டு. பெட்டியில் இருந்த மற்றத் திருகுகளிலும் அதே போலச் சிவப்புப் பொட்டு இருந்தது. மேடம் கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தார். கடைசியாக மூடித் திருகையும் தேய்த்தார். அப்புறம் திருப்புளியால் அதைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் மூடினார்.

"உள்ளே என்ன மேடம்?"

"தூசி."

"உங்க கட்டைவிரல்ல இருக்கிறது?"

"அதுவும் தூசிதான்."

"சிவப்பா இருக்கே."

"சில வீட்டுல தூசி சிவப்பாத்தான் இருக்கும்," என்று சொல்லி இறங்கி, விரலைக் கைக்குட்டையில் துடைத்துக் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். துடைத்த கைக்குட்டையை அவர் அவ்வளவு அழகாக மடித்து நான் பார்த்ததில்லை. "திரை மாட்டினவரைக் கூப்பிடு. நான் மேலே ஏறினதைச் சொல்லாதே."

கீழே காத்திருந்தவர் ஏறி வந்தார். இந்த ஊரில் பாதிப் பால்கனிகளுக்குத் திரை மாட்டியவர். அவரை எல்லாரும் நெயில்பாலிஷ் என்றுதான் கூப்பிடுகிறார்கள். மீசை வைத்த அந்த மனிதரின் சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நெயில்பாலிஷ் குப்பி எப்போதும் இருக்கும்.

"திருகை முறுக்கி முடிச்சா, தலையில ஒரு பொட்டு வச்சிடுவேன் மேடம். காய்ஞ்சா கல்லு. யாராவது கை வச்சா பொட்டு உடைஞ்சிடும். அப்புறம் எங்கிட்ட வந்து உன் வேலை சரியில்லைன்னு சண்டை போட முடியாது."

"வீட்டுல அக்கா குப்பியைத் தேட மாட்டாங்களா?" என்றேன்.

"அவதான் வாங்கியே குடுக்கறா. என் தொழில்ல அவளுக்குப் பிடிச்சது இது ஒண்ணுதான்."

மேடம் சுவரில் சாய்ந்துகொண்டார். "இந்தத் திரை மாட்டினதைச் சொல்லுங்க."

"என் வேலையில குத்தம் சொல்ல முடியாது. பெட்டியை நாலு போல்ட்ல கான்கிரீட்டுக்குள்ள இறக்கியிருக்கேன். பூச்சுல அடிச்சுட்டுப் போறவன் நான் இல்லை. தண்டு இருபத்தஞ்சு கிலோ. இவ்வளவு கனம் வேண்டாம்யான்னேன். பெரியவர் கேக்கலை. காத்துல ஆடக் கூடாது, இறங்கினா கையால தூக்க முடியாதபடி பூட்டு வேணும்னார். வீட்டையும் ஜெயிலாக்கிட்டார். தினம் அஞ்சரைக்குத் தானா இறங்கற மாதிரி நேரமும் குறிக்கச் சொன்னார்."

"அஞ்சரைக்கு எதுக்கு? வெயிலே போயிடுமே."

நெயில்பாலிஷ் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொண்ணு வேலை முடிச்சு இங்க வந்து தெருவைப் பார்க்கிற நேரம் அது. அவ நிக்கக் கூடாதாம். மூஞ்சிக்கு நேரா இறக்கிவிட்டுட்டுச் சிரிப்பார். என் கண்ணால பார்த்தேன்."

எனக்குச் செத்தவர் மேல் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் அந்த நிமிஷத்தோடு போயிற்று.

"அவ்வளவு கனம் இறங்குது. கீழே ஆள் இருந்தா?" என்றார் மேடம்.

"தண்டுக்கு அடியில ரப்பர் பட்டை இருக்கு. எது பட்டாலும் மோட்டார் நின்னுடும். நின்னு ஒரு முழம் மேலேயும் ஏறிடும். ஒவ்வொரு வீட்டுலயும் என் கையைக் கீழே வச்சுத்தான் காமிப்பேன். நூத்துப் பதினோரு வீடு. நூத்துப் பதினோரு தடவை வச்சிருக்கேன். ஒரு நகம் போனதில்லை."

"அப்போ பெரியவர் எப்படிச் செத்தார்?"

"நிக்கும் மேடம், நின்னுருக்கும். ஆனா திரும்பி ஏறணும்னா கரண்ட் வேணும் இல்ல? தொட்ட நேரம் பார்த்து அந்தப் பொண்ணு மெயினை அணைச்சிட்டா. நின்னது நின்ன இடத்துலயே கனத்தோட உட்கார்ந்துடுச்சு. இன்ஸ்பெக்டர் கேட்டார், இதைத்தான் சொன்னேன்." அவர் தரையைப் பார்த்தார். "எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா என் தொழிலைக் காப்பாத்த வேண்டாமா?"

"ஏதாவது ஆனா மெயினை அணைக்கணும்னு அவளுக்கு யார் சொன்னது?"

"நான்தான். முதல்ல மெயினை அணை, அப்புறம் கைப்பிடியைச் சொருகிச் சுத்தி மேலே ஏத்துன்னு சொல்லியிருந்தேன். கைப்பிடி எப்பவும் அந்த ஆணியிலதான் தொங்கணும்."

கதவோரத்தில் ஆணி இருந்தது. கைப்பிடி இல்லை. அது முழங்கை நீளம், முனையில் கொக்கி என்றார். வியாழக்கிழமை இவரே தன் பையிலிருந்த கைப்பிடியைக் கொண்டுவந்து திரையை ஏற்றித்தான் பிணத்தை எடுத்திருக்கிறார்கள்.

அப்போது நூலகர் உள்ளே வந்தார். ஒடிசலான மனிதர். நடந்தால் தரைக்கு வலிக்குமோ என்று நடப்பார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம்.

"இது உதவுமா பாருங்க மேடம். வாரம் ஒரு தடவை கை வச்சுப் பார்க்கணும்னு இவர் சொன்னார். நான் பார்த்து எழுதியே வச்சிருக்கேன்."

பார்த்தோம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நோட்டு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு வரி. தேதி சிவப்பு மையில், மற்றது நீலத்தில். "கை வைத்தேன், நின்றது." கீழே கையெழுத்து. நாற்பத்தேழு ஞாயிறு, நாற்பத்தேழு வரி. போன ஞாயிறும் நின்றிருக்கிறது.

"சட்டையில பொத்தான் இருக்கான்னும் எழுதி வைப்பீங்களா சார்?" என்று கேட்டேன். மேடம் என் காலை மிதித்தார்.

"அப்போ மெஷின்ல பழுதே இல்லைங்கறீங்க," என்றார் மேடம்.

"இல்லை மேடம். என் மனைவிக்காகப் பொய் சொல்ல முடியுமா? போலீஸ்லயும் இதைக் காமிச்சேன்."

"தங்கமான மனுஷர்," என்றார் நெயில்பாலிஷ், நன்றியோடு.

நானும் அப்படித்தான் நினைத்தேன். என் புத்தி காட்டின வழியிலேயே போகிற செக்குமாட்டுப் புத்தி.

* * *

எதிர்ப்பக்கம் சைக்கிள் ரிப்பேர்க் கடை. கடைக்காரர் ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி பார்த்துக்கொண்டே பேசினார்.

"தினம் அஞ்சு இருபதுக்கு நூலகர் அந்த மூலை திரும்புவார். நான் அதை வச்சுத்தான் கடிகாரம் திருப்புவேன். இவர் திரும்பினதும் வார்டன் மேலேருந்து தலையை வெளிய நீட்டி ஆரம்பிப்பார். நாயே, பேயே, உன்னைப் பெத்ததுக்கு ஒரு எருமையை வளர்த்திருக்கலாம். தெருவே கேக்கும். இவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உள்ள போயிடுவார். இருபது வருஷமா."

"வியாழக்கிழமையும் அப்படித்தானா?"

"அன்னைக்கு எட்டு நிமிஷம் லேட். அதோ, அந்தக் கம்பத்துக்கிட்ட நின்னு செருப்பு வாரை மாட்டறார், மாட்டறார், மாட்டிக்கிட்டே இருக்கார். மேலே வார்டனுக்குக் கோபம் தலைக்கு ஏறி, இடுப்பு வரைக்கும் வெளிய தொங்கறார். காது வேற மந்தம். பின்னால திரை இறங்கற சத்தம் அவருக்கு எங்க கேக்கும்?"

"மகன் கத்தினாரா? கையை ஆட்டினாரா?"

கடைக்காரர் டியூபை வெளியே எடுத்தார். "இல்லை. அண்ணாந்து பார்த்துக்கிட்டே நின்னார். அதிர்ச்சி போல."

திரும்பி வரும்போது நான் சொன்னேன், "புத்தகத்தை லேட்டா குடுத்தா அபராதம் போடற ஆள். இருபது வருஷத்துல ஒரே ஒரு நாள்தானே லேட்டா வந்திருக்கார். அதுவும் அந்த நாள் பார்த்து. பாவம், இல்ல மேடம்?"

மேடம் நடந்தபடியே என்னைப் பார்த்தார். "கொசு, சில சமயம் நீ கடிச்சுட்டு, கடிச்சது தெரியாமலேயே பறந்துடறே."

* * *

மருமகள் சமையலறையில் தரையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். துணிக்கடைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறவள். விரல்கள் ஊசியை விட வேகமாக ஓடின. பக்கத்தில் ஒரு சின்னப் பை, ஜிப் மூடியிருந்தது. ஜெயிலுக்குப் போக எடுத்து வைத்த துணி. அதைப் பார்க்காமல் இருக்க நான் அடுப்பைப் பார்த்தேன்.

"என்னம்மா தைக்கிறே?" என்றார் மேடம்.

"அவரோட சாப்பாட்டுப் பை மேடம். நேத்து அலசும்போது பார்த்தேன். அடியில ஏதோ குத்திக் கிழிஞ்சிருக்கு. நான் போயிட்டா யார் தைச்சுக் குடுப்பாங்க?"

"சார் மதியத்துக்கு என்ன, கடப்பாறையா சாப்பிடறார்?" என்றேன். அவள் சிரிக்கப் பார்த்தாள். பாதியில் நின்றுவிட்டது.

"அன்னைக்கு நடந்ததைச் சொல்லு."

"சத்தம் கேட்டு ஓடினேன். மாமா கழுத்து மேல தண்டு இருந்தது. நிக்கலை மேடம். எல்லாரும் நின்னுருக்கும்ங்கறாங்க. அது அமுக்கிக்கிட்டே இருந்தது. தூக்கிப் பார்த்தேன், பூட்டு விடலை. ரிமோட் அவர் நெஞ்சுக்கு அடியில மாட்டிக்கிட்டது. மெயினை அணைச்சேன். கைப்பிடிக்கு ஓடினேன். ஆணியில இல்லை. ஒவ்வொரு ரூமா தேடினேன். மெத்தையைப் புரட்டித் தேடினேன், அரிசி டப்பாவுல கையை விட்டுத் தேடினேன். திரும்பி வரும்போது மாமா கால் உதறல் நின்னுடுச்சு."

ஊசியைப் பையில் குத்தி நிறுத்தினாள்.

"எனக்கு அவரைப் பிடிக்காது மேடம். பதினாலு வருஷம். செத்தா நிம்மதின்னு நினைச்சிருக்கேன். ஆனா தேடினேன். நெஜமா தேடினேன்."

"உன் வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"கடவுள் இருக்கார்ங்கறார்."

மேடம் சாப்பாட்டுப் பையை வாங்கி, கிழிசலில் சுண்டுவிரலை நுழைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "தைக்க வேண்டாம். அப்படியே வை. எழுந்து பால்கனிக்கு வா."

* * *

ஐந்தே முக்கால். மூன்று பேரையும் மேடம் கைப்பிடிச் சுவரோரம் வரிசையாக நிறுத்தினார். இடப்பக்கம் நெயில்பாலிஷ், நடுவில் மருமகள், வலப்பக்கம் நூலகர். தலைக்கு மேலே தண்டு தொங்கியது. என்னை மெயினைப் போடச் சொன்னார். போட்டேன். பெட்டி ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. ரிமோட் மேடம் கையில்.

"இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள ஒரு சோதனை. மூணு பேரும் வலது கையைச் சுவர் மேல மல்லாக்க வைங்க. நான் மூணு எண்ணி பட்டனை அழுத்துவேன். தண்டு தொட்டதும் நின்னா, நெயில்பாலிஷ் சொன்னது சரி. நிக்கலைன்னா, இந்தப் பொண்ணு சொன்னது சரி."

வாயைத் திறக்கப் போனவன், மேடம் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

நெயில்பாலிஷ் கையைப் படாரென்று வைத்தார். "நூத்துப் பன்னெண்டாவது தடவை. அழுத்துங்க."

மருமகள் தன் கையை ஒரு தடவை பார்த்தாள். அந்தக் கை போனால் ஊசி பிடிக்க வேறு கை கிடையாது. "நிக்காது மேடம். எனக்குத் தெரியும். விரல் நசுங்கினா நான் பொய் சொல்லலைன்னு எழுதிக்குவாங்க இல்ல?"

"எழுதிக்குவாங்க."

அவள் வைத்தாள். எடுக்கவில்லை.

நூலகர் இன்னும் வைக்கவில்லை.

"உங்களுக்கு என்ன சார்? நாற்பத்தேழு ஞாயிறு வச்ச கைதானே," என்றார் மேடம்.

"ஆமா, ஆமா," என்று அவரும் வைத்தார். மனைவியின் கைக்கும் அவர் கைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"ஒண்ணு."

தெருவில் சைக்கிள் மணி ஒன்று அடித்து ஓய்ந்தது. நூலகரின் நெற்றியில் வேர்வை.

"ரெண்டு."

நூலகர் கையை வெடுக்கென்று இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். பக்கத்தில் அவருடைய மனைவியின் கை அப்படியே கிடந்தது.

"மூணு," என்று மேடம் பட்டனை அழுத்தினார்.

ஒன்றும் நடக்கவில்லை. தண்டு அசையவே இல்லை.

"கொசு, உன் பையில என்ன இருக்கு?"

எடுத்துக் காட்டினேன். இரண்டு பேட்டரி.

நெயில்பாலிஷ் எதுவும் புரியாமல் எல்லாரையும் பார்த்தார். மேடம் நூலகருக்கு நேரே போய் நின்றார்.

"மனைவியைக் காப்பாத்தணும்னா மெஷின் பழுதுன்னு ஒரு வார்த்தை போதும் சார். எந்தப் புருஷனும் முதல்ல அதைத்தான் சொல்லுவான். நீங்க மட்டும் நோட்டுப் போட்டு மெஷினைக் காப்பாத்தறீங்க. ஏன்? பழுதுன்னா பெட்டியைத் திறப்பாங்க. திறந்தா ரப்பர் பட்டைக்குப் போற சின்ன ஸ்விட்ச் அணைஞ்சிருக்கிறது தெரிஞ்சுடும். நான் திறந்தேன். அணைஞ்சுதான் இருக்கு."

"ஐயோ, அது மாட்டற நேரத்துக்கு மட்டும் அணைக்கறது," என்ற நெயில்பாலிஷ் அப்போதுதான் தன் கை இன்னும் சுவர் மேல் இருப்பதைப் பார்த்து, சுட்டது போல எடுத்தார். "மாட்டின அன்னைக்குப் பெரியவருக்கும் இவருக்கும்தான் காமிச்சேன். இதைத் தொடாதீங்கன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு டீ போட உள்ளே போயிருந்தா."

"தொட்டார். உங்க பொட்டு உடைஞ்சுது. மேல வேற பொட்டு வச்சார். நூலகத்துச் சிவப்பு மை. நெயில்பாலிஷ் எச்சில் பட்டா அழியாது. இது என் கட்டைவிரலோட வந்துடுச்சு." மேடம் கைக்குட்டையை விரித்துக் காட்டினார். "அப்புறம் ஒண்ணுமே செய்ய வேண்டியதில்லை. தினம் அஞ்சரைக்குத் திரை தானா இறங்கும். இவர் எட்டு நிமிஷம் லேட்டா வந்தா போதும். அப்பா கோபத்துல தானா தலையைக் குடுப்பார். கையில ரத்தம் கிடையாது, நின்னது நடுத்தெருவுல, பார்த்தவங்க அம்பது பேர்."

நூலகர் மறுக்கவில்லை. சுவரில் சாய்ந்தபடியே சரிந்து உட்கார்ந்தார்.

"நாப்பத்தாறு வயசு மேடம் எனக்கு," என்றார். "தினம் அந்த மூலை திரும்பறதுக்கு முன்னாடி ஒண்ணுக்கு வரும். நாப்பத்தாறு வயசுல."

உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷம் எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. மருமகள் பேசினாள். அதோடு அந்த இரக்கம் போய்விட்டது.

"கைப்பிடி எங்கேங்க?"

அவர் தலை நிமிரவில்லை. "நூலகத்துல. என் மேஜை டிராயர்ல."

"சாப்பாட்டுப் பையில வச்சா எடுத்துட்டுப் போனீங்க?"

அவர் முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டார்.

"நான் அரிசி டப்பாவுல தேடினேன்," என்றாள். குரல் உயரவில்லை. "மாமாவை நீங்க செஞ்சதைப் பத்தி நான் கேக்கலை. என்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தீங்களே, அதைக்கூடப் பயத்துலன்னு வச்சுக்கறேன். இப்போ ரெண்டுன்னு சொன்னதும் உங்க கையை எடுத்தீங்க இல்ல? என் கை பக்கத்துலயேதான் இருந்தது."

"நான்... யோசிக்கவே இல்லை..."

"ஆமா. யோசிக்கலை."

அவள் உள்ளே போனாள்.

ஆறு மணிக்குச் சரியாக ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டரிடம் மேடம் ஐந்து நிமிஷம் பேசினார். கைக்குட்டை, நோட்டு, கிழிந்த பை மூன்றையும் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் ஏணியில் ஏறிப் பெட்டியைத் திறந்து, அணைந்திருந்த ஸ்விட்சைப் படம் எடுத்துக்கொண்டார். நூலகர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு அவர்களோடு படியிறங்கினார். தரைக்கு வலிக்காத அதே நடை.

நான் மேடத்தின் காதோரம் போனேன். "அவர் ஒருத்தரை மட்டும் கை வைக்கச் சொல்லியிருக்கலாமே. அந்தப் பொண்ணை எதுக்கு?"

"அவரை மட்டும் சொன்னா, பயந்துட்டேன்னு சொல்லித் தப்பிச்சிருப்பார்."

"பேட்டரி இல்லைன்னாவது அவளுக்குச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா அவ முகம் காட்டிக் குடுத்திருக்கும். இனிமே அவ அவருக்காக வக்கீல் தேடி அலைய மாட்டா. அதுக்கும் சேர்த்துத்தான்." மேடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "நல்ல காரியம்னு நான் சொல்லலை."

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று. அது ஒரு நாள் இருந்தது.

நெயில்பாலிஷ் இதற்குள் மெயினை அணைத்து, ஏணியில் ஏறி, உள்ளே ஸ்விட்சைப் போட்டு, மூடியை முறுக்கிப் புதுப் பொட்டு வைத்திருந்தார். மெயினைத் திரும்பப் போட்டுவிட்டு, மருமகள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவள் பால்கனிக்கு வந்து என் முன்னால் கையை நீட்டினாள். மேடம் தலையசைத்தார். பேட்டரிகளைக் கொடுத்தேன். ரிமோட்டில் போட்டு மூடினாள்.

கீழே ஜீப்புக்குள் ஏறப் போன நூலகர், அந்தத் தெருவில் இருபது வருஷமாகத் தலை குனிந்தே நடந்தவர், வியாழக்கிழமைக்கு அப்புறம் மறுபடியும் தலையைத் தூக்கிப் பால்கனியைப் பார்த்தார். அவளையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அவள் சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு தடவை பார்த்தாள். தண்டுக்குக் கீழே யாருடைய கையும், யாருடைய தலையும் இல்லை.

பிறகு பட்டனை அழுத்தினாள். திரை இறங்கியது.